வேகத்தைக் குறைக்க யாரைக் கேட்பது?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பஸ் ஸ்டாண்டிலிருந்து இங்கே நடந்துதான் வந்தேன். வழியில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேக வரம்புப் பலகை நிற்கிறது. சிவப்பு வட்டத்தின் விளிம்பு மட்டும் தெரிகிறது. உள்ளே இருக்கிற எண்மேல் யாரோ காதணி விழா போஸ்டரை ஒட்டியிருக்கிறார்கள். தாய்மாமன்கள் நான்கு பேர் கும்பிட்டபடி சிரிக்கிறார்கள். பக்கத்து டீக்கடையில் அந்தப் பலகையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். ஒருவர் 40 என்றார், இன்னொருவர் 30 என்றார். கடைக்காரர், “அது ஸ்கூல் போர்டு சார், நம்பர்லாம் கிடையாது” என்று முடித்துவிட்டார்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருஷம் சாலை போட்டவன் நான். எனக்கும் அந்த எண் தெரியவில்லை. அந்த எண்ணை யார் வைத்தார்கள், வைக்கும் முன் யாரைக் கேட்டார்கள் என்பதுதான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிற கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும். 30-இல் போனால் எட்டேகால் மீட்டர். குறுக்கே ஒரு பிள்ளை ஓடிவருவதைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கவனமாக ஓட்டுகிறவருக்கே அவ்வளவு ஆகும். செல்போனைப் பார்க்கிறவர் கணக்கில் வரமாட்டார். 30-இல் வருகிறவர் அந்த எட்டேகால் மீட்டரைக் கடந்து, பிரேக்கை மிதித்து, காய்ந்த தார் ரோட்டில் இன்னும் ஐந்து மீட்டரில் நின்றுவிடுவார். மொத்தம் 13 மீட்டர் சொச்சம். இந்த மைக்கிலிருந்து அதோ அந்த நாளிதழ் மேஜை வரைக்கும். 50-இல் வருகிறவர் அதே மேஜையைத் தொடும்போது அவர் கால் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்காது. 50 வேகம் 50-ஆகவே வந்து மோதும். எண் ஏதோ கொஞ்சம்தானே மாறுகிறது என்று நினைக்கிறவர்கள் வீட்டுக்குப் போகும்போது அந்த மேஜையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் பல நாட்டு அமைச்சர்கள் கூடி, நடக்கிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் வண்டிகளோடு கலக்கும் இடங்களில் 30-தான் உச்சவரம்பாக இருக்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டதற்கு இந்தக் கணக்குதான் அடிப்படை.

நம் கணக்கு என்ன? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம், 64,105. இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் அதிவேகத்தால் இறந்ததாக அந்த அறிக்கை சொல்கிறது. இந்தக் கடைசிக் கணக்கை மட்டும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். நம் ஊர் எஃப்.ஐ.ஆர். எதை எடுத்தாலும் “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்” என்ற வரி அச்சுப் போட்டதுபோல இருக்கும். தெருவிளக்கு எரியாததும், வளைவில் புளியமரம் மறைத்ததும் அந்த வரிக்குள் மறைந்துவிடும். ஆனாலும் வேகம் பெரிய காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது நம் ஊர்க் கருத்துக்கேட்புக்கு வருகிறேன். ஆமாம், நம்மிடம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சாலை மறியல்.

ஒரு மாநில நெடுஞ்சாலை ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிற இடம். காலை எட்டே முக்காலுக்குப் பள்ளிக்குப் போன பையனை ஒரு வண்டி அடித்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ரோட்டில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு வண்டிகள். தாசில்தார் வந்திருந்தார், டி.எஸ்.பி. வந்திருந்தார். ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் பேச்சுவார்த்தைக்கு முன்னால் வந்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு அம்மா, பையனுக்கு அத்தை முறை, என்னைப் பார்த்துக் கேட்டார்: “இப்ப என்ன வேணும்னு கேக்குறீங்களே, போன மாசம் மனு குடுத்தமே, அப்ப எங்கய்யா போனீங்க?”

அந்த மனு என் அலுவலகத்தில்தான் இருந்தது. திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, “தக்க நடவடிக்கைக்கு” என்று முத்திரை விழுந்து எங்களுக்கு வந்திருந்தது. நானும் “ஆய்வு செய்யப்படும்” என்று எழுதி மேலே அனுப்பியிருந்தேன். ஆய்வு செய்யவில்லை.

அன்று ராத்திரியே மூன்று வேகத்தடை போட்டோம். எங்கே போட்டோம் தெரியுமா? மறியல் நடந்த இடத்தில், அதிகாரிகள் நின்று வாக்குக் கொடுத்த இடத்தில். பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிற இடம் அங்கிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, ரேஷன் கடை சந்து முனையில். அதை அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சாவு வீட்டு வாசலில் நின்று அளவு நாடா பிடிக்க முடியுமா? போட்டவையும் லட்சணமாக இல்லை. இந்திய சாலைகள் காங்கிரஸ் விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நாங்கள் போட்டது ஒரு சாண் அகலத் தார்க்கட்டி. கர்ப்பிணிப் பெண்களும் முதுகுவலிக்காரர்களும் எங்களைத் திட்டாத நாளில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு முக்கியப் பிரமுகர் அந்த வழியாக வந்தார். அவர் வருவதற்கு முந்தின இரவு மூன்றையும் சுரண்டி எடுத்தாயிற்று. அந்த அம்மாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியமும் இல்லை.

சாவுக்குப் பிறகு கேட்டால் கோபத்தின் இடம்தான் தெரியும். ஆபத்தின் இடம் தெரிய வேண்டுமானால் முன்னாலேயே கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. கேட்பதிலும் சிக்கல் உண்டு என்பதற்கு வேல்ஸ் நாட்டு அனுபவத்தைச் சொல்கிறேன்.

இங்கிலாந்துக்கு மேற்கே 31 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிற சின்ன நாடு வேல்ஸ். அங்கே 200 கஜத்துக்கு மிகாத இடைவெளியில் தெருவிளக்கு இருந்தால் அந்தச் சாலை ஊருக்குள் இருப்பதாக அர்த்தம். தனியாகப் பலகை இல்லாவிட்டாலும் 2023 வரை மணிக்கு 30 மைல்தான் போகலாம் என்று இருந்தது, அதாவது நம் கணக்கில் 48 கிலோமீட்டர். விளக்குக் கம்பமே சட்டம் பேசுகிற அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. மேலே யாரும் போஸ்டர் ஒட்டி அதை மறைக்க முடியாது. இந்த 30 மைலை 20 ஆக்க, அதாவது 32 கிலோமீட்டர் ஆக்க, வேல்ஸ் அரசு முடிவு செய்தது. 2020-இல் மாதிரி எடுத்து ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். நீங்கள் குடியிருக்கும் பகுதியில் 20 மைல் இருந்தால் ஆதரிப்பீர்களா? பத்துக்கு எட்டுப் பேர் ஆம் என்றார்கள். அடுத்த ஆண்டு முறைப்படி பொதுமக்கள் கருத்துக்கேட்பு அறிவித்தார்கள். ஆறாயிரம் பேர் போல எழுதி அனுப்பினார்கள். 53 சதவீதம் பேர் வேண்டாம் என்றிருந்தார்கள், 47 சதவீதம் பேர் வேண்டும் என்றிருந்தார்கள்.

அதே நாடு, ஓராண்டு இடைவெளி. எது மக்களின் குரல்? என் பார்வையில் இரண்டும்தான். முதல் கேள்வி வாசலில் நிற்கிறவரிடம் கேட்டது. இரண்டாவதுக்கு வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து பதில் எழுதியவர்களில் பலர் தங்களை வண்டி ஓட்டுகிறவர்களாக நினைத்து எழுதியவர்கள். ஒரே ஆள் காலையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பதில் சொல்வார், பைக் சாவி கையில் இருக்கும்போது வேறு பதில் சொல்வார். நம் தெருவில் மற்றவன் மெதுவாகப் போக வேண்டும், அவன் தெருவில் நாம் வேகமாகப் போக வேண்டும். இதில் வேல்ஸ்காரன், தமிழன் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது.

2022 ஜூலையில் அவர்கள் நாடாளுமன்றத்தில் 39-க்கு 15 என்று தீர்மானம் நிறைவேறியது. 2023 செப்டம்பர் 17-ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் மார்க் டிரேக்ஃபோர்டு, திட்டத்தை முன்னின்று நடத்தியவர் அன்றைய துணை அமைச்சர் லீ வாட்டர்ஸ். எந்தெந்தச் சாலையை 30-லேயே விட்டுவைக்கலாம் என்று முடிவு செய்கிற அதிகாரம் உள்ளூர் மன்றங்களுக்கு இருந்தது. ஆனால் பலகைகள் மாறிய பிறகுதான் பல ஊர்களில் “இந்த ரோட்டுக்குமா?” என்ற கேள்வி வெடித்தது. வீடே இல்லாத நீண்ட சாலை, குன்றேறும் பேருந்துத் தடம், எல்லாமே 20. திட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லி மனு போட்டார்கள். சுமார் 4,70,000 கையெழுத்து. அந்த நாடாளுமன்றத்தின் வரலாற்றில் அவ்வளவு கையெழுத்து எந்த மனுவுக்கும் விழுந்ததில்லை. 2024-இல் புதிதாக வந்த போக்குவரத்து அமைச்சர் கென் ஸ்கேட்ஸ், ஊர் ஊராகக் கருத்துக் கேட்டு, பொருந்தாத சாலைகளை மறுபடி 30-க்கு மாற்றலாம் என்று வழி செய்தார்.

இதற்கிடையில் நடந்தது என்ன? முதல் ஆண்டிலேயே 20, 30 மைல் சாலைகளில் அடிபட்டவர்கள், இறந்தவர்கள் எண்ணிக்கை ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. இத்தனைக்கும் வண்டிகளின் சராசரி வேகம் பத்து மைல் குறையவில்லை. முதலில் அளந்த முக்கியச் சாலைகளில் நாலு மைல் அளவுக்குத்தான் குறைந்திருந்தது. அந்த நாலு மைலே போதுமானதாக இருந்தது.

வேல்ஸ் அரசு செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். கேட்ட விதம்தான் தவறு. கொள்கையைப் பற்றி மக்களைக் கேட்டார்கள், தெருவைப் பற்றிப் பிறகுதான் கேட்டார்கள். “சாலைப் பாதுகாப்பு வேண்டுமா” என்றால் எல்லோரும் வேண்டும் என்பார்கள். “ரேஷன் கடை சந்து முனையில் வண்டி 30-இல் போகட்டுமா” என்று கேட்டால்தான் பயன்படுகிற பதில் வரும்.

பாரீஸிலும் இதே கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஆகஸ்ட் 30 முதல் நகரத்தின் பெரும்பாலான தெருக்களில் 30 கிலோமீட்டர்தான். அதற்கு முன்பு கருத்துக் கேட்டபோது நகரவாசிகளில் 59 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். வெளியிலிருந்து காரில் நகருக்குள் வருகிற புறநகர்க்காரர்களில் பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். இரண்டையும் ஒரே குவியலாகக் கொட்டி எண்ணியிருந்தால் என்ன முடிவு வந்திருக்கும்? வந்த பதிலை எழுதியவர் எந்தத் தெருவாசி என்று பிரித்துப் படிப்பது அதனால்தான் அவசியம்.

சரி, சென்னைக்கு வருவோம். 2023 ஜூனில் போக்குவரத்துக் காவல் துறை சில இடங்களில் வேகத்தை அளக்கும் ரேடார் கருவிகளை வைத்து, பகலில் 40, இரவில் 50-ஐத் தாண்டினால் அபராதம் என்றது. நகரமே கொதித்தது. அது புது வரம்பு இல்லை, பழைய வரம்புதான் என்று விளக்கம் வந்தது. பல வருஷமாகச் சட்டத்தில் இருந்த ஒரு எண், அதை மீறினால் பணம் கட்ட வேண்டும் என்ற நாளில்தான் மக்கள் காதில் விழுந்தது! அபராதத்தை நிறுத்திவைத்து, குழு அமைத்து, நவம்பரில் புதிய வரம்பு வந்தது: கார்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30. கடைசி எண்ணைக் கவனியுங்கள். மக்கள் சத்தம் போட்டது பெரிய சாலையின் 40-ஐப் பற்றி. வீட்டு வாசலில் 30 என்று வந்ததை யாரும் கொண்டாடவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. உங்கள் உறவினர் யாராவது சென்னையில் இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள், அவர்கள் தெருவில் எவ்வளவு என்று.

சட்டத்தின் நிலைமை இதுதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, பொதுமக்கள் பாதுகாப்புக்காக வேகத்தைக் குறைக்க மாநில அரசுக்கோ அது அதிகாரம் கொடுத்த அலுவலருக்கோ உரிமை தருகிறது. அரசிதழில் அறிவிக்கை, சாலையில் பலகை, இரண்டும் இருந்தால் போதும். குடியிருப்பவர்களைக் கேட்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. கேட்கக் கூடாது என்றும் இல்லை.

ஆனால் நம் போக்குவரத்து நிர்வாகத்துக்குக் கருத்துக் கேட்கவே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தனியார் பஸ் தொழிலில் இருப்பவர்களுக்கு “டைமிங் கான்ஃபரன்ஸ்” என்றால் என்னவென்று தெரியும். ஒரு பஸ்ஸுக்குப் புறப்படும் நேரம் ஒதுக்குவதற்கு முன், அதே தடத்தில் ஓடுகிற மற்ற பஸ் முதலாளிகளை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அழைத்து, ஆட்சேபணை கேட்டு, எழுதி வைத்துத்தான் முடிவு செய்வார்கள். எனக்கு முன்னால் மூணு நிமிஷம் இருக்கிறான், கலெக்‌ஷன் போச்சு என்று அங்கே நடக்கிற வாதம் இருக்கிறதே, ஐகோர்ட் தோற்றுவிடும். மூன்று நிமிஷத்துக்கு ஒரு விசாரணை உண்டு. அந்த பஸ் போகிற வழியில் ரோட்டைக் கடக்கிற பாட்டிக்கு ஒரு அழைப்பாணை இதுவரை போனதில்லை.

ஒரு தனியார் பஸ் டிரைவரிடம் ஒருமுறை, ஊருக்குள் ஏன் இப்படிப் பறக்கிறீர்கள் என்று கேட்டேன். “வேகத்தை நானா வைக்கிறேன்? டைமிங் வைக்குது சார். ரெண்டு நிமிஷம் லேட்டுன்னா பின்னாடி வண்டிக்காரன் ஸ்டாண்டுல சண்டைக்கு வர்றான்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் நீள ஊரை 50-இல் கடக்க 2 நிமிடம் 24 நொடி ஆகும், 30-இல் கடக்க 4 நிமிடம். ஒன்றரை நிமிடம் கூடுதல். காரில் போகிறவருக்கு அது ஒன்றுமில்லை. வழியில் இப்படி ஆறு ஊர் இருக்கிற பஸ்ஸுக்கு ஒன்பது நிமிடத்துக்கு மேல் போய்விடும். வேக வரம்பைக் குறைத்துவிட்டு ஓடு நேரத்தை அப்படியே வைத்திருந்தால், சட்டத்தை மீறச் சொல்லி அந்த டிரைவருக்கு நாமே உத்தரவு கொடுத்த மாதிரி. ஆகவே கருத்துக் கேட்கும்போது அவரும் வர வேண்டும். அவரை வில்லனாக்கி நடத்துகிற கூட்டத்தில் எனக்கு நம்பிக்கையில்லை.

எங்கே கேட்பது? புதிதாக ஒரு மன்றம் தேட வேண்டியதில்லை. ஊராட்சிகளில் குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நகரங்களில் 2022 முதல் பகுதி சபை கூடுகிறது. கிராம சபைத் தீர்மானத்தால் மட்டும் வேக வரம்பு மாறிவிடாது, உண்மைதான். அது கலெக்டர் தலைமையில் இயங்கும் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குப் போக வேண்டும், அங்கே எஸ்.பி.யும் ஆர்.டி.ஓ.வும் நெடுஞ்சாலைத் துறையும் உட்கார்ந்திருப்பார்கள். பல வருஷம் அந்த மாதிரி மேஜைகளில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: “எங்கள் ஊரில் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்” என்று வருகிற தீர்மானம் அடுத்த கோப்புக்கு அடியில் போகும். இடம், நேரம், ஆள் மூன்றும் எழுதி வருகிற தீர்மானத்தைத் தள்ள எங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் ஒரு கிராம சபையில் இதைச் செய்து பார்த்தேன். வேகத்தடை வேண்டும் என்று ஏகமனதாகச் சொன்னார்கள். யார் வீட்டுக்கு முன்னால் போடலாம் என்றேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. வேகத்தடைக்குப் பக்கத்து வீட்டில் ராத்திரி பூரா லாரி பிரேக் சத்தம், சுவர் விரிசல் விடும் என்ற பயம். நியாயமான பயம். அரை மணி நேர வாதத்துக்குப் பிறகு நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு பெண் எழுந்து, “சார், காலையில எட்டரைக்கும் சாயங்காலம் நாலரைக்கும்தான் எங்களுக்குப் பயம். கோயில் ஆலமரத்துக்கும் பால் சொசைட்டிக்கும் நடுவுலதான் பிள்ளைங்க கடக்குது. மத்த இடத்துல எப்படியோ போகட்டும்” என்றார். முப்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சுத்தமான சாலைப் பாதுகாப்பு அறிக்கை அதுதான். அங்கே விதிப்படியான அகலத்தில் ஒரு மேட்டுக் கடவை போட்டு, இரண்டு பக்கமும் 30 பலகை நட்டோம். பக்கத்தில் வீடே இல்லாத இடம், யாருக்கும் சுவர் விரிசல் பயம் இல்லை.

வருகிற அக்டோபர் 2 கிராம சபைக்கோ, உங்கள் வார்டின் அடுத்த பகுதி சபைக்கோ போகும்போது ஒரு தாள் கொண்டு போங்கள். நம் ஊரில் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் கடக்கிறார்கள் என்று எழுதி, அங்கே கடக்கிறவர்கள் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைநாட்டு வைக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் அது வார்த்தைக்கு வார்த்தை ஏறுகிறதா என்று நின்று பாருங்கள். அப்படியே போகிற வழியில் பள்ளிக்கூடத்து வாசலில் அந்தக் காதணி விழா போஸ்டரையும் கிழித்துவிட்டுப் போங்கள். விழா முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது.